கிரகமா, நட்சத்திரமா

என் இடது கண்ணில் பட்டது ஒரு தேங்காய். அதை எறிந்தவன் என் மனைவியின் தம்பி. சண்டை எதனால் வந்தது என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது இரண்டு பேருக்குமே சொல்லக் கூசியது. சூரியன் நட்சத்திரமா, கிரகமா என்பதில் வந்த சண்டை அது.

ஆத்தூர் அணைக்குக் கீழே தென்னந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து, காய் வெட்டி, உரித்து, லாரி ஏற்றி அனுப்புவது எங்கள் தொழில். நான், என் மனைவி, அவள் தம்பி மூவரும் கூட்டு. கல்யாணமானதிலிருந்து நான் மாமனார் வீட்டில்தான் இருந்தேன். அங்கே யாரும் என்னைக் குறைவாக நடத்தியதில்லை. ஆனாலும் கோபம் வந்தால் மச்சினன் வாயில் "எங்க வீடு" என்ற சொல் வந்து விழும். எனக்குக் கோபம் வந்தால் "பத்தாவது தாண்டாத பய" என்று வரும். நானும் பெரிதாகப் படித்துவிடவில்லை. பாலிடெக்னிக்கில் ஒரு வருடம் இருந்துவிட்டு நின்றவன்தான்.

கத்திரி வெயில் தொடங்கிச் சில நாட்கள் ஆகியிருந்தன. காலை பத்து மணிக்கே களத்து மண்ணில் கால் வைக்க முடியவில்லை. தரையில் முனை மேலே இருக்கும்படி நட்டு வைத்த இரும்புப் பாரையில் காயைக் குத்தித் திருகி உரித்துக்கொண்டிருந்தார் எங்களிடம் வேலை செய்த பெரியவர். அவர் தலைத்துண்டை அவிழ்த்துப் பிழிந்துவிட்டு, "அக்னி நட்சத்திரம்னா சும்மாவா" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "அந்த நட்சத்திரம் வேற எங்கயும் இல்ல, இந்தா தலைக்கு மேல நிக்குதே, சூரியன், அதேதான்" என்றேன்.

மச்சினன் காய் எண்ணுவதை நிறுத்தினான். "அக்னி நட்சத்திரம்னா கார்த்திக நட்சத்திரம் மாமா. அதுக்குள்ள சூரியன் போறாரு. அதுதான் கத்திரி."

"சூரியனே ஒரு நட்சத்திரந்தான் மாப்ள."

"சூரியன் கிரகம். நவக்கிரகத்துல நடுவுல நிக்கிறது யாரு? வாரா வாரம் சுத்துறீகளே, பாத்ததில்லயா?"

"அது கோயில்ல. நான் சொல்றது நெசத்துல."

"அப்ப கோயில்ல இருக்கிறது பொய்யா?"

இந்த இடத்தில் பெரியவர் சிரித்தார். யாரைப் பார்த்துச் சிரித்தார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. என்னைத்தான் என்று நான் நினைத்தேன். தன்னைத்தான் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். "பத்தாவது தாண்டாத பயகிட்ட பேச வந்தேன் பாரு" என்றேன். அவன் முகம் கறுத்தது. "எங்க வீட்டுச் சோத்தத் தின்னுட்டு எனக்கே பாடமா" என்றான். நான் அவன் அப்பாவை இழுத்து ஒரு வார்த்தை சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது.

அவன் கையில் உரித்த காய் ஒன்று இருந்தது. எறிந்ததை நான் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் மண்டைக்குள்ளே கேட்டது, கல்லை உடைத்த மாதிரி. இடது பக்கம் முழுக்கச் சிவப்பாகி, அப்புறம் ஒன்றுமே தெரியவில்லை. வலி அப்போது வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. குனிந்து ஓடிப்போய் அவன் வயிற்றில் தலையால் முட்டினேன். இருவரும் மட்டைக் குவியலில் விழுந்து புரண்டோம். அவன் என் காயத்திலேயே குத்தினான். நான் கிடைத்த இடத்திலெல்லாம் குத்தினேன். என் கைமுட்டி அவன் வாயில் பட்டபோது பல் உடைந்து கைக்குள் ஏறியது. அவன் என் தோளைக் கடித்தான். பத்து வருடமாக ஒரே தட்டில் கைவைத்துத் தின்றவர்கள் நாங்கள்.

புரண்டதில் பாரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். அவன் எனக்குக் கீழே கிடந்தான். அவனுடைய கழுத்தைப் பிடித்துத் தூக்கி, தலையைப் பாரை முனைப் பக்கமாகத் தள்ளினேன். என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. அவன் முகத்தைத் திருப்பினான். முனை காதைக் கிழித்துக்கொண்டு போனது. இன்னொரு தடவை தள்ளக் கையை இறுக்கினேன்.

அப்போதுதான் முதுகில் அடி விழுந்தது. சத்தம் கேட்டுத் தோப்புக்குள்ளிருந்து ஓடி வந்த என் மனைவி, ஓலை கழித்த தென்னை மட்டை ஒன்றை இரண்டு கையாலும் ஓங்கி அடித்துக்கொண்டிருந்தாள். கத்தவில்லை, அழவில்லை. எனக்கு ஒரு அடி, தம்பிக்கு ஒரு அடி. நான் கையை விட்ட பிறகும் அடித்தாள். தடுக்கப் போன என் சுண்டுவிரல் ஒடிந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் தவழ்ந்து விலகும்வரை அவள் நிறுத்தவில்லை. பெரியவர் தூரத்தில் தண்ணீர்க் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

லோடு ஆட்டோவை அவள்தான் ஓட்டினாள். பின்னால் பாதி காய், பாதி நாங்கள். மேலே தார்ப்பாய் இல்லை. செம்பட்டி தாண்டியபோது உச்சி வெயில் நேராக இறங்கியது. ரத்தம் முகத்திலேயே காய்ந்து தோலை இழுத்தது. நான் ஒரு கண்ணால் அவனைப் பார்த்தேன். அவன் காதைச் சட்டையால் பொத்திக்கொண்டு வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பியபடி இருந்தான்.

திண்டுக்கல் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு போலீஸ்காரர் வந்து, "என்ன தகராறு? சொத்தா, பொம்பளையா?" என்று கேட்டார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். என் மனைவிக்கும் அப்போதுவரை காரணம் தெரியாது. "சொல்லுங்க" என்றாள். மச்சினன்தான் உடைந்த பல்லோடு சொன்னான். போலீஸ்காரர் அவனை வெகுநேரம் பார்த்தார். "காய் விழுந்துருச்சுன்னு எழுதிக்கிறேன். வீட்டுக்குப் போங்கப்பா" என்றார்.

என்னால் வீட்டுக்குப் போக முடியவில்லை. கண்ணுக்குள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது என்று மதுரைக்கு அனுப்பினார்கள். ஒரு கண் அசைந்தால் மற்றதும் அசையும் என்பதால் இரண்டையும் கட்டினார்கள். தலையை உயர்த்தி வைத்து ஆடாமல் படுத்திருக்க வேண்டும். கண் பிழைக்குமா என்று கேட்டதற்கு, ரத்தம் வடிந்த பிறகு பார்க்கலாம் என்றார் டாக்டர்.

அந்த இருட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது மட்டும் தெரியும். முதல் இரண்டு நாள் என்னிடம் பேசவே இல்லை. பிறகு ஒரு மத்தியானம் செல்போனைத் தலையணையில் வைத்தாள். "எதுக்காக என் தம்பியக் கொல்லப் பாத்தீங்கன்னு நானாவது தெரிஞ்சுக்கிறேன்" என்றாள்.

சூரியனைப் பற்றி யாரோ ஒரு வாத்தியார் தமிழில் பேசிய வீடியோ. நான் கேட்டுக்கொண்டு கிடந்தேன். சூரியனில் விறகு மாதிரி எரிவது எதுவும் இல்லை என்றார். தன்னுடைய எடையே அதை நாலா பக்கமும் உள்ளே நசுக்குகிறதாம். அந்த நசுக்கலில் நடுவில் அணுவோடு அணு மோதி ஒன்றாகிறது. அந்தச் சூடு வெளியே தள்ளுகிறது. உள்ளே நசுக்குவதும் வெளியே தள்ளுவதும் சரிசமமாக இருக்கும்வரைதான் அது உருண்டையாக நிற்கும். ராத்திரி நாம் பார்க்கிற ஒவ்வொரு நட்சத்திரத்துக்குள்ளும் நடப்பது இதுதான். தூரம் அதிகம் என்பதால் புள்ளியாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

சூரியன் ஒரு நட்சத்திரம் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததைத்தான் நான் களத்தில் அவன் மேல் எறிந்தேன். அது என்ன என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. நட்சத்திரம் என்றால் சின்னது, குளுமையானது, சூரியனும் அதில் ஒன்று என்பதாகத்தான் மனதுக்குள் வைத்திருந்தேன். உண்மை தலைகீழாக இருந்தது. களத்து மண்ணைப் பொசுக்கிய அதே கொடுமைதான் வானம் முழுக்க, எண்ண முடியாத அளவுக்கு, ஓய்வே இல்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு கிடக்கும்போது அதைக் கேட்டால் நிஜமாகவே பயமாக இருக்கும்.

அவள் இன்னும் சில வீடியோக்களைக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "அந்தக் காலத்துல வானத்துல எடம் மாறுற எல்லாத்தையும் கிரகம்னுதான் சொல்லியிருக்காக. கத்திரிக்கு அவன் சொன்ன காரணமும் சரிதான். கார்த்திக நட்சத்திரத்துக்கு அக்னிதான் தேவதையாம். நீங்க சொன்னதும் சரி, அவன் சொன்னதும் சரி."

நான் தலையணையில் தடவி, செல்போனை அவள் பக்கம் தள்ளினேன்.

கட்டு அவிழ்ப்பதற்கு முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு சாயங்காலம் வாசலில் பைக் நிற்கும் சத்தம் கேட்டது. அவனுடைய பைக். சண்டைக்குப் பிறகு அவன் வீட்டுக்கு வராமல் களத்துக் கொட்டகையிலேயே தங்கிக்கொண்டதாக அவள் சொல்லியிருந்தாள். படுத்திருந்தவன் எழுந்துவிட்டேன். கையில் அகப்பட்டது குழம்புச் சட்டியோ என்னவோ, காலடிச் சத்தம் வந்த திசையில் வீசினேன். சுவரில் பட்டுச் சிதறியது. சூடாக ஏதோ என் காலில் தெறித்தது. திருப்பி அடிப்பான் என்று கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். அடி வரவில்லை.

"மாமா, உக்காருங்க. தல ஆடக் கூடாதாம்ல" என்றான். முன்பல் இரண்டு போனதால் பேச்சு காற்றாக வந்தது. "கண்ணு தெரியாத ஆள அடிக்க நான் வரல."

"எதுக்கு வந்த?"

"தெரியல."

அவள் தரையைத் துடைத்தாள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். போகும்போது, "அன்னைக்கு அக்கா வராட்டி என்னயக் கொன்னிருப்பீக" என்றான்.

"ஆமா" என்றேன்.

அடுத்த மாதமே அவள் செம்பட்டியில் எங்களுக்குத் தனி வீடு பிடித்துவிட்டாள். களத்தை இனித் தான் பார்த்துக்கொள்வதாகவும், நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் அங்கே நிற்கக் கூடாது என்றும் சொன்னாள். நான் காய் வெட்டுகிற தோப்புகளுக்குப் போனேன். அவன் ஒட்டன்சத்திரம் பக்கம் வியாபாரத்தைப் பார்த்தான். இப்போதும் அப்படித்தான். கல்யாணம், காதுகுத்து என்றால் பார்த்துக்கொள்கிறோம். பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அவன் பல் கட்டிக்கொண்டான். காது ஒட்டியது, ஆனால் கோணலாக.

என் கண்ணில் பார்வை திரும்பியது, முழுசாக இல்லை. ஓரத்தில் ஒரு கறுப்புத் திட்டு எப்போதும் நிற்கிறது. விடியற்காலையில் தோப்புக்குப் போகும்போது கிழக்கே வெள்ளி மங்கிக்கொண்டிருக்கும், மற்ற புள்ளிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். பிறகு தென்னை ஓலைகளுக்கு நடுவே அது எழும்பி வரும். கூட வருகிறவர்கள் ஏணியைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். நான் கும்பிடுவதில்லை. அவர்கள் கும்பிட்டு முடிக்கிறவரை பேசாமல் நின்றுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் முதல் மரத்துக்குப் போகிறேன்.