சங்கா, மணியா?

முனீஸ்வரிக்குப் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. குழாயில் நல்ல தண்ணி வந்தால் அது தன் காதுக்கு எட்ட வேண்டும், அவ்வளவுதான். பாளையம்பட்டியில் இட்லி மாவு ஆட்டி விற்கிறவளுக்கு அதுதான் பிழைப்பு. போர் தண்ணி உப்பு. அதில் ஆட்டினால் இட்லி கல்லாகிவிடும், வாடிக்கை பாக்கெட் மாவுக்கு ஓடிவிடும். நல்ல தண்ணியோ எந்த நாள், எந்த நேரம் வரும் என்று யாருக்கும் சொல்வதில்லை. வந்தாலும் அதிக நேரம் நிற்பதில்லை.

அடுத்த தெரு பாலமணிகண்டன்தான் அதற்கு ஒரு வழி செய்தான். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன். லீவு நாளில் கூட்டாளிகளோடு உட்கார்ந்து போனுக்கு ஒரு ஆப் செய்தான். முதலில் தண்ணியைப் பார்க்கிறவர் பட்டனை அமுக்கினால் தெருவில் எல்லார் போனிலும் மில் சங்கு ஊதும். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. புண்ணியவான்! அன்றிலிருந்து அவன் வீட்டுக்குத் தினமும் ஒரு தூக்குச்சட்டி மாவு போகும். அவன் அம்மா கங்கம்மாள் காசை நீட்டினாலும் முனீஸ்வரி வாங்கமாட்டாள்.

நன்றாகப் போவதை அப்படியே விட்டால் படித்தவர்களுக்குத் தூக்கம் வராதே. ஒருநாள் ஆப் தானாகப் புதுசாகிவிட்டது. சங்கு போய், ‘டிங்’ என்று ஒரு மணி வந்தது. கிரைண்டர் ஓடுகிற வீட்டில் அந்த ‘டிங்’ யாருக்குக் கேட்கும்? முனீஸ்வரி வெளியே வந்தபோது பக்கத்து வீட்டுத் தங்கமாரி கடைசிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போகிறாள், குழாய் காற்றைத் துப்புகிறது.

மாவுக் கையைக்கூடக் கழுவாமல் அவன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“தம்பி, சங்கை எங்கப்பா கொண்டுபோய் வச்ச?”

“எடுத்துட்டோம்க்கா. நைட் ஷிப்ட் முடிச்சு வந்து தூங்குறவுகல்லாம் திட்டுறாக. ஆப்லயே ஓட்டுக் கேட்டோமே, நீங்க போடலயா?”

“ஓட்டா? எப்பக் கேட்டீக? ரெண்டையும் வச்சா, வேணுங்கிறவுக வேணுங்கிறத எடுத்துக்கிட மாட்டாகளா?”

“ஆளுக்கொண்ணு வச்சா குழப்பம்க்கா. எளிமையா இருக்கணும்ங்கிறது எங்க கொள்கை.”

கொள்கையாம்! கட்சி நடத்துகிறான். மாடியில் தொட்டி, போர், அதற்கொரு வடிகட்டி மெஷின் என்று வைத்திருக்கிற வீடு. குழாயடியில் ஒருநாள் வரிசையில் நின்றிருந்தால் தெரிந்திருக்கும் கொள்கை.

“வேணும்னா நீங்களே மாத்திக்கிடலாம்க்கா. ஆப்புக்கு எழுதுன புரோகிராம் கோடு எல்லாம் யாரும் எடுத்து மாத்துற மாதிரி திறந்துதான் கிடக்கு.”

“குழாய் திறந்து கிடந்தாலாச்சும் ஒரு குடம் பிடிப்பேன். இதை வச்சு நான் என்ன செய்ய?”

பையனுக்கும் முகம் சுருங்கிவிட்டது. காலையிலிருந்து எத்தனை பேர் வைதார்களோ. “சும்மா செஞ்சு குடுக்குறோம்க்கா. ஆளாளுக்கு வையுறீக. தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமா?”

முனீஸ்வரி வீட்டுக்குத் திரும்பினாள். வேறு வழியில்லை, போர் தண்ணியில்தான் அடுத்த ஈடு ஆட்டினாள். அவன் வீட்டுத் தூக்குச்சட்டியும் வழக்கம்போலப் போனது.

மறுநாள் காலை அவனே சட்டியோடு வந்து நின்றான். “அக்கா, கோவிச்சுக்காதீக. அம்மா சொல்லச் சொன்னாக. இட்லி கல்லாட்டம் இருக்கு, கரிக்குது. முன்ன மாதிரி ஆட்டக்கூடாதா?”

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது முனீஸ்வரிக்கு.

“எளிமையா இருக்கட்டும்னு ஒரே தண்ணிக்கு மாத்திட்டேன் தம்பி. வேணும்னா நீயே ஆட்டிக்கிடலாம், கிரைண்டர் திறந்துதான் கிடக்கு. சும்மா குடுக்குற மாவுல்ல, பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமா?”

அவன் சட்டியைக் கீழே வைத்தான். பிறகு மெதுவாக, “நல்ல தண்ணி பிடிக்கலயாக்கா?” என்றான்.

“டிங்குன்னுச்சாம். எனக்குக் கேக்கல.”

அடுத்த லீவு நாளில் ஆப் மறுபடி புதுசானது. சங்கா, மணியா என்று கேட்டது, ஆனால் எங்கோ உள்ளே ஒளிந்துகொண்டு கேட்டது. அவனே வந்து முனீஸ்வரி போனில் சங்கை வைத்துக் காட்டிக் கொடுத்தான். தண்ணி வந்த அன்று முதல் குடம் அவளுடையதுதான். அண்டா தளும்பியதைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில் தங்கமாரி போனிலும் சங்கை வைத்துக் கொடுத்தாள். அதுதான் அவள் செய்த தப்பு. சாயங்காலத்துக்குள் தெருவில் பாதிப் பேர் போனும் கையுமாக அவள் வாசலில் நின்றார்கள். ஒருத்திக்குச் சங்கு வேண்டும், ஒருத்தி வீட்டில் சங்குக்குப் பிள்ளை வீறிடுகிறது. அரிசி ஊறிக் கிடக்கிறது, கிரைண்டர் பக்கம் போக முடியவில்லை.

மறுநாள் தங்கமாரியே மறுபடி வந்தாள்.

“யக்கா, என்னத்த வச்சுக் குடுத்தீக? சாவு வீடு மாதிரி ஊதுது. வேற ஏதாச்சும் நல்லதா வைக்கக்கூடாதா?”

மாட்டுப் பல்லு முனீஸ்வரிக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, “கொண்டா போனை” என்றாள்.