வண்டியில் பிக்கப் இல்லை

"வண்டில பிக்கப்பே இல்லமே" என்று என் கணவர் முதன்முதலில் சொன்னபோது நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரே மாதத்தில் பத்து தடவை சொல்லிவிட்டார். ஏர் ஃபில்டரை மாற்றினார், பிளக்கை மாற்றினார், மெக்கானிக்கையும் மாற்றினார். அமுக்கினதும் வண்டியைச் சட்டென்று முன்னே இழுக்கிற அந்தப் பிக்கப் மட்டும் வரவில்லை.

அவர் கால் டாக்ஸி ஓட்டுகிறார். காலையில் என்னை எண்ணூர்ப் பக்கம் என் கம்பெனியில் இறக்கிவிட்டுத்தான் முதல் சவாரிக்குப் போவார். திருவொற்றியூரில் எங்கள் தெரு போய் முட்டுகிற இடம் எக்ஸ்பிரஸ் ரோடு. துறைமுகத்துக் கண்டெய்னர் லாரிகள் அங்கே ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். இரண்டு லாரிக்கு நடுவே இடைவெளி பார்த்துச் சட்டென்று நுழைய வேண்டும். நுழைகிற வண்டி இழுக்காவிட்டால் என்ன ஆகும் என்று அந்த ரோட்டோரம் குடியிருக்கிற யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த மாதம் இரண்டு முறை லாரியின் மூஞ்சி என் ஜன்னலை அடைத்துக்கொண்டு வந்து நின்றது. என்னை இறக்கிவிட்டு நாள் முழுக்க இதே ரோட்டில்தானே இவர் போய் வருவார்? மதியம் போன் அடித்தால் எடுக்கவே பயமாக இருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பிக்கப்பை அளப்பதுதான் என் பிழைப்பு. கார் தயாரிக்கிற கம்பெனியில் சோதனைப் பிரிவில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். டிரைவர் ஓட்டுவார், நான் மடியில் லேப்டாப்புடன் பக்கத்தில் இருப்பேன். டயரில் காற்று சரியாக இருக்கணும், ஏசியை அணைக்கணும், ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றணும். கூரைமேல் ஒட்டிய ஜிபிஎஸ் கருவி வேகத்தைப் பதிந்துகொண்டே வரும். போகும்போது ஒரு ஓட்டம், வரும்போது ஒரு ஓட்டம். கடற்காற்று ஒரு பக்கம் தள்ளும், இன்னொரு பக்கம் இழுக்கும் என்பதால் இரண்டுக்கும் சராசரி எடுப்போம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி: ஆக்சிலேட்டர் முழுசாக இறங்கியிருக்க வேண்டும். எத்தனை சதவீதம் இறங்கியது என்று திரையில் தனியாக ஒரு கோடு வரும். அது தொண்ணூற்றைந்துக்குக் கீழே இருந்தால் "ரன் கேன்சல்" என்பேன். ஓட்டுகிறவர் பெரிய அதிகாரியாக இருந்தாலும் கேன்சல்தான். இந்த வாய்க்காகவே அங்கே பாதிப் பேருக்கு என்னைப் பிடிக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் முதல் பூசை முடிந்து வெளியே வந்ததும், "வாய்யா, உன் வண்டிய நானே டெஸ்ட் பண்ணிப் பாக்கறேன்" என்று அவரை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். மீஞ்சூர் தாண்டிக் காட்டுப்பள்ளி போகிற வழியில் நேரான ரோடு ஒன்று உண்டு. அந்த நேரத்தில் அங்கே லாரி ஏதும் இல்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே செருகுகிற தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றைச் சொந்தமாக வாங்கி வைத்திருந்தேன். வேகம், நேரம், ஆக்சிலேட்டர் இறங்கிய அளவு, எல்லாம் என் போனில் வரும்.

"ஸ்பீடு இருவதுல இருந்து அறுவது. நான் சொன்னதும் முழுசா அமுக்கு."

"தெனமும் முழுசா அமுக்கிக்கினு தானே கீறேன்?"

அமுக்கினார். கண்ணாடியில் தொங்கும் ஜெபமாலை பின்னால் சாயக்கூட இல்லை. பதினோரு செகண்ட். ஆக்சிலேட்டர், நாற்பத்தாறு சதவீதம்.

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி. கால்மேட்! தடிமனான மேட் சுருண்டு அடியில் மாட்டிக்கொண்டால் ஆக்சிலேட்டர் இறங்காது. கம்பெனியிலேயே பார்த்திருக்கிறேன். குனிந்து மேட்டை உருவிப் பின்சீட்டில் வீசினேன். "இப்ப அமுக்குய்யா ராசா."

நாற்பத்தைந்து. திரும்பி வரும்போது நாற்பத்தேழு.

"முழுசான்னு சொன்னேன்ல?" என்று கத்தினேன்.

"முழுசா தாம்மே அமுக்கறேன்! தரை தட்டுது!"

அது பொய் சொல்கிற முகம் இல்லை. பதினாலு வருஷமாகப் பார்க்கிற முகம் எனக்குத் தெரியாதா? கால் தரையைத் தொட்டுவிட்டதாகவே அவர் நம்பினார். அப்படியானால் கோளாறு வண்டியிலா, அவர் காலிலா?

போனை அவர் கையில் கொடுத்துவிட்டு இடம் மாறி நான் ஓட்டினேன். ஜெபமாலை பின்னால் பாய்ந்தது. நூறு சதவீதம், ஏழு செகண்ட். வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. ஓரம் கட்டினேன். அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் பேசினார்.

"மழ டைம்ல ஒரு சவாரி. சென்ட்ரல்ல டிரெயின் புடிக்கணும்னு பின்னாடி குந்திக்கினு கத்திக்கினே வந்தான். டோல்கேட்டாண்ட ரெண்டு லாரிக்கு நடுவுல கேப் கெடச்சிது, முழுசா அமுக்கிப் பூந்துட்டேன். பின்னாடி வந்த லாரிக்காரன் பிரேக் அடிச்சான். அவனுக்குப் பின்னாடி ஒரு பைக்கு, லாரில போயி மோதிக்கிச்சி. கண்ணாடில பாத்தேன். காலப் புடிச்சிக்கினு ரோட்ல குந்திக்கினு இருந்தான்."

"நீ நின்னியா?"

"நிக்கலமே."

வீடு வரும்வரை நானே ஓட்டினேன். எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. நின்றிருக்கணும் என்று தொண்டைவரை வந்ததை விழுங்கினேன். அதைத்தான் பாதியிலேயே நின்றுவிடுகிற அவர் கால் தினமும் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்ததே.

திங்கட்கிழமை காலை எங்கள் தெரு எக்ஸ்பிரஸ் ரோட்டில் முட்டுகிற முனையில் நின்றோம். மூன்று இடைவெளிகள் வந்து போய்விட்டன. பின்னால் ஷேர் ஆட்டோக்காரர்கள் ஹாரனை விடாமல் அடித்தார்கள். நான் ஓட்டுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என்னை இறக்கிவிட்ட பிறகு யார் ஓட்டுவது?

"நீ சொல்லுமே" என்றார்.

இடைவெளி வந்தது. "இப்ப" என்றேன். எனக்கு ரோட்டைப் பார்க்கத் தைரியமில்லை, போனைத்தான் பார்த்தேன். நாற்பது, ஐம்பத்தெட்டு, எழுபத்தொன்று. அதற்கு மேல் ஏறவில்லை. ஆனால் நுழைந்துவிட்டோம். பின்னால் வந்த லாரி ஹாரன்கூட அடிக்கவில்லை.

அவர் சட்டைக் காலர் நனைந்திருந்தது. "ரன் செல்லுமா?" என்று கேட்டார்.

"செல்லும்" என்றேன். பதினோரு வருஷத்தில் நான் பாஸ் போட்ட ஒரே தப்பான ரன் அதுதான்.

கம்பெனி கேட்டில் இறங்கிக்கொண்டேன். அவர் கால் எவ்வளவு இறங்குகிறது என்று எட்டுகிறவரை பார்க்கலாமே என்று கருவியை வேண்டுமென்றே வண்டியில் விட்டுவிட்டேன். அவர் வண்டியைத் திருப்பினார். என் கையிலிருந்த போனில் ஆக்சிலேட்டர் பன்னிரண்டு என்று காட்டியது, பிறகு இருபது. ப்ளூடூத் எட்டுகிற தூரத்தை வண்டி தாண்டியதும் எண் மறைந்து 'இணைப்பு இல்லை' என்று வந்தது. ஷிஃப்ட் சைரன் ஊதியது. நான் போனைப் பிடித்துக்கொண்டு கேட்டிலேயே நின்றேன்.