மேனேஜர் மறுக்காத லீவு

வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். எங்கள் மேனேஜர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. லீவு கேட்டால் மறுத்ததும் இல்லை. "தாராளமா போயிட்டு வாங்க தம்பி. நான் ஒரு ஆளு இங்க கெடக்கேன்ல" என்பார். கையெழுத்து மட்டும் போட மாட்டார். பிறகு ஒரு பெருமூச்சு. அதைக் கேட்டதும் நானே லீவு சீட்டை எடுத்துக் கிழித்துவிடுவேன். என் கல்யாணத்துக்கு மறுநாளே அப்படித்தான் மில் பஸ் ஏறினேன். "நான் வேணாம்னா சொன்னேன்?" என்று எல்லார் முன்னாலும் அவர் வருத்தப்பட்டார். நான்தான் மன்னிப்புக் கேட்டேன்.

இந்த முறை தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். தங்கச்சிக்கு நான் ஒரே அண்ணன். வேறு மடி கிடையாது. சீட்டு மூன்று நாளாக மேனேஜர் மேசையிலேயே கிடந்தது.

"புள்ள காதை விடவா மில்லு பெருசு?" என்று பெருமூச்சு விட்டார்.

தங்கச்சியிடம் புலம்பினேன்.

"அண்ணே, அவரு போகச் சொல்றாரா, வேணாங்கிறாரா?"

"போன்னுதான் சொல்றாரு. ஆனா வேணாங்கிறாரு."

"நீ கிழிச்சது போதும். நாளைக்கு நான் வாரேன்."

வந்தாள். கையில் வெற்றிலை, பாக்கு, பழம், பத்திரிகை வைத்த தட்டு. தட்டோடு அழைக்க வந்தால் யாரானாலும் எழுந்துதான் ஆக வேண்டும். மேனேஜரும் எழுந்து வாங்கிக்கொண்டார்.

"குடும்பத்தோட வந்துரணும் சார். எங்கண்ணனை நீங்களே தாராளமா போகச் சொன்னீங்களாமே! யாருக்கு வரும் இந்த மனசு?" என்று ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னவள், மேசையில் கிடந்த சீட்டை எடுத்து, பழத்துக்குப் பக்கத்தில் பேனாவோடு வைத்தாள்.

அவர் பெருமூச்சு விட்டார். என் கை பழக்கதோஷத்தில் சீட்டைக் கிழிக்க நீண்டது. தங்கச்சி என் காலை மிதித்தாள். கையெழுத்து விழுந்தது.

காதுகுத்துக்கு மேனேஜரும் வந்து, முன்வரிசையில் உட்கார்ந்தார். ஆசாரி முதல் காதைக் குத்தியதும் மருமகள் போட்ட அலறலில் என் புது வேட்டி நனைந்தது. நான் அசையவில்லை.

"ஒரே எடத்துல இம்புட்டு நேரம் உக்காருவீங்கன்னு ஆபீஸ்ல தெரியாமப் போச்சே தம்பி" என்றார் மேனேஜர், சிரித்தபடியே.

வேறு நாளாக இருந்தால் பதறி எழுந்திருப்பேன். இன்னொரு காது பாக்கி இருந்தது.

"ஆமா சார்" என்று சொல்லிவிட்டு, மருமகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.