மக்கா என்று விளித்தது யாரை?

2009 டிசம்பர். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த நேரம். கருங்கல் பக்கத்தில் ஒரு கலை விளையாட்டு மன்றத்தின் தகரக் கூரைக்குக் கீழே கேரம் போட்டியின் இறுதி ஆட்டம். போர்டின் ஒரு பக்கம் நான், எதிர்ப்பக்கம் என் தோழி. மகளிர் இரட்டையர் பிரிவு என்று ஒன்றை அந்த மன்றம் வைத்தது அதுதான் முதல் தடவை. பெண்கள் யார் வரப்போகிறார்கள் என்று மன்றத்துக்காரர்களே சந்தேகப்பட்டார்களாம். கடைசியில் உட்கார இடமில்லாமல் பக்கத்து டீக்கடையிலிருந்து பெஞ்சு தூக்கிவந்து போட வேண்டியதாயிற்று.

நாங்கள் இருவரும் கருங்கலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தோம். நான் சுசீந்திரத்துக்காரி. வயலும் கோயில் மணியும் சாம்பார் வாசனையுமாக வளர்ந்தவள். அவள் கடற்கரைக்காரி. அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். ஆஸ்பத்திரி மாடியில் ஒரே அறையில் எங்களைத் தங்க வைத்தார்கள். வந்த புதிதில் அவள் போனில் அம்மாவிடம் பேசுவதைக் கேட்டு, சண்டை போடுகிறாளா, பாட்டுப் படிக்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. அவள் மீன் சட்டியைத் திறந்தால் நான் துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விடுவேன். அப்புறம் எப்படியோ ஒட்டிக்கொண்டோம். எப்படி என்று கேட்டால் கேரம் போர்டால் என்றுதான் சொல்வேன்.

கால் ஒடிந்து படுத்திருந்த ஒருவர் வீட்டுக்குப் போகும்போது வேண்டாமென்று விட்டுப்போன பழைய போர்டு அது. ஒரு மூலை ஊறி உப்பியிருக்கும். டூட்டி முடிந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் உட்கார்ந்துவிடுவோம். எனக்குத் தோற்பது ஆகவே ஆகாது. தாயத்தில் தோற்றால்கூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற ஜாதி நான். அவளுக்கு ஜெயிப்பது தோற்பதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அவளுக்குக் காய்களோடு பேச வேண்டும், அவ்வளவுதான்.

ஆமாம், காய்களோடு பேசுவாள். அவள் அடிக்கும்போது மட்டுமில்லை, நான் அடிக்கும்போதும். "சாடு மக்கா, குழிக்குள்ள சாடு!" என்று கெஞ்சுவாள். சாடு என்றால் எங்கள் பக்கம் குதி என்று அர்த்தம். காய் குழியின் விளிம்பில் போய் நின்றுவிட்டால் "சவமே, உனக்கு என்ன கேடு?" என்று திட்டுவாள். அடுத்த நிமிடமே "சரி மக்கா, கோவப்படாத" என்று அதைச் சமாதானப்படுத்துவாள். வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மக்கா என்பது எங்கள் மாவட்டத்தில் பெற்ற பிள்ளைக்கும், கூட்டுக்காரி என்கிற தோழிக்கும், பஸ்ஸில் காலை மிதித்தவனுக்கும், வேலியில் மேய வந்த ஆட்டுக்கும் பொதுவான வார்த்தை. நானும் அவளுக்கு மக்காதான். கேரம் காயும் அவளுக்கு மக்காதான்.

அந்த வருடம் அவளுக்குக் குவைத்தில் வேலை கிடைத்தது. ஜனவரியில் கிளம்ப வேண்டும். விசா வந்த அன்று வார்டு முழுக்க லட்டு கொடுத்தாள். நானும் ஒன்று வாங்கித் தின்றேன். போனவர்கள் எத்தனை பேரை நான் பார்த்திருக்கிறேன்! முதலில் வாராவாரம் போன் வரும். அப்புறம் மாதத்துக்கு ஒன்று. அப்புறம் நாம்தான் கூப்பிட வேண்டும். இவளும் அப்படி ஆகிவிடுவாளோ என்ற பயம் எனக்கு.

போட்டி நோட்டீஸைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. முதல் பரிசு ஒரே ஒரு கோப்பை. நாங்கள் ஜெயித்தால் அது யாருக்கு? நான் வைத்திருப்பேன், அவள் லீவில் வரும்போது வாங்கிக்கொண்டு போக வேண்டும், அடுத்த லீவில் திருப்பிக் கொண்டுவந்து தர வேண்டும். இப்படி ஒரு ஏற்பாட்டை நானே பண்ணி அவளிடம் சொன்னேன். அவளும் சரியென்று தலையாட்டினாள். வெளியே விளையாட்டாகத்தான் சொன்னேன். உள்ளுக்குள் எனக்கு விளையாட்டில்லை. அந்தக் கோப்பைக்காகவாவது அவள் திரும்பி வந்தாக வேண்டும் என்று நினைத்தேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அப்போது அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நடுவர் ஒரு அரசு பஸ் கண்டக்டர். மாவட்ட அளவில் கேரம் ஆடியவராம். கழுத்தில் பஸ் விசிலையே மாட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒரு விசில் கொடுத்தால் நிறுத்து, இரண்டு விசில் கொடுத்தால் ஆட்டம் போகலாம். ஆரம்பத்திலேயே மைக்கில் விதிகளைச் சொல்லிவிட்டார். ஸ்டூலை நகர்த்தக்கூடாது, கைமுட்டி போர்டில் படக்கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாக ஜோடிகள் ஒருவருக்கொருவர் பேசக்கூடாது, சைகை காட்டக்கூடாது. பேசினால் அடித்த அடி செல்லாது, விழுந்த காய் திரும்ப வரும், முறை எதிராளிக்குப் போகும்.

இவள் வாய் சும்மா இருக்குமா? முதல் சுற்றிலேயே ஆரம்பித்துவிட்டாள். எதிர் ஜோடி எழுந்து புகார் சொல்ல, கண்டக்டர் ஒரு விசில் கொடுத்து இவளைக் கேட்டார். "சார், நான் காயிட்டல்லா பேசினேன்" என்றாள் அப்பாவியாக. கூட்டம் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. மைக்கை எடுத்து, "பார்ட்னர்ட்ட பேசக்கூடாதுன்னு தான் ரூல். காயிட்ட பேசலாம். காய் ஒண்ணும் கேட்டு நடக்கப் போறதில்ல" என்று தீர்ப்புச் சொல்லி, இரண்டு விசில் கொடுத்தார். அதன்பிறகு எல்லாச் சுற்றிலும் அவள் இஷ்டத்துக்குப் பேசினாள். கூட்டமே அவள் என்ன சொல்லுவாள் என்று காத்திருக்க ஆரம்பித்துவிட்டது.

இறுதி ஆட்டத்தில் எங்களுக்கு எதிரே களியக்காவிளைப் பக்கத்திலிருந்து வந்த அக்காவும் தங்கையும். நல்ல ஆட்டக்காரர்கள். ஜோடிக்கொரு ஆட்டம் ஜெயித்தாயிற்று. கடைசி ஆட்டத்தில் சிவப்புக் காய் போய்விட்டது. எங்களுக்கு ஒரு வெள்ளைதான் மிச்சம், அவர்களுக்கு ஒரு கறுப்பு. அந்தக் கறுப்பு குழியின் வாயிலேயே நிற்கிறது, ஊதினால் விழுந்துவிடும். எங்கள் வெள்ளையோ சட்டத்தை ஒட்டிக்கொண்டு, குழிக்கு ஒரு சாண் தள்ளிக் கிடக்கிறது. அடிக்க வேண்டியது நான். விட்டால் போச்சு.

ஸ்ட்ரைக்கரை வைத்தேன். கை நடுங்கியது. குழந்தைகளின் நரம்பு தேடி ஊசி போடும்போதுகூட நடுங்காத கை. எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடியும் நடுங்கியது. மேஜைமேல் சிவப்புத் துணியில் நின்ற கோப்பையை ஒரு தடவை பார்த்ததுதான் தப்பு. ஜனவரி, விமானம், காலியாகப் போகிற அவளுடைய கட்டில் எல்லாம் ஒரேயடியாக ஞாபகத்துக்கு வந்து கண்ணை மறைத்தது. வெளியே கிறிஸ்துமஸ் குடிலுக்குப் புல்கூடு கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட வைக்கோலைக் கீழே போட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒரு சத்தமில்லை.

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து மெதுவாக ஒரு வார்த்தை வந்தது. "மக்கா."

அவ்வளவுதான். சாடு என்றில்லை, அடி என்றில்லை. என் கை நின்றது. அடித்தேன். வெள்ளைக் காய் சட்டத்தோடு உரசிக்கொண்டே போய்க் குழிக்குள் விழுந்தது. கூட்டம் கத்திய கத்தில் தகரக் கூரை அதிர்ந்தது. நான் ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

ஒரு விசில்.

களியக்காவிளைத் தங்கை கையைத் தூக்கியிருந்தாள். "சாறே, இது பற்றாது, ஒத்துக்க முடியாது. அவங்க கூட்டுக்காரியத்தான் விளிச்சாங்க" என்றாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, அவள் காதிலும் விழத்தானே செய்தது! கூட்டம் ஓவென்றது. "அது காயிட்ட பேசினதுலா! காலையில இருந்து பேசுகால்லா!" என்று நாலு பக்கமும் எங்களுக்காக வக்கீல்கள். எனக்குப் பயமே இல்லை. நடுவரே காலையில் கொடுத்த தீர்ப்பு இருக்கிறதே!

கண்டக்டர் கையமர்த்திவிட்டு அவள் பக்கம் குனிந்தார். அவருக்கும் எங்களை ஜெயிக்க வைக்க ஆசை இருந்திருக்க வேண்டும். கேள்வியிலேயே பதிலை வைத்துக் கொடுத்தார். "காயிட்ட தானே மக்கா சொன்ன?"

அவள் போர்டைப் பார்த்தாள். குழியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் கண்ணாலேயே, ஆமாம் என்று சொல்லித் தொலையேன் என்று கெஞ்சினேன். அதுவும் விதிப்படி குற்றம்தான், நல்லவேளை யாரும் கவனிக்கவில்லை.

"இல்ல சார். இவளத்தான் விளிச்சேன்" என்றாள்.

கண்டக்டர் குழிக்குள் கையை விட்டு வெள்ளைக் காயை எடுத்து நடுவட்டத்தில் வைத்தார். இரண்டு விசில். அந்த அக்கா கறுப்பை லேசாகத் தட்டினாள். ஆட்டம் முடிந்தது.

இரண்டாம் பரிசு ஆளுக்கொரு எவர்சில்வர் தூக்குப் பாத்திரம். பங்கு போடவே தேவையில்லாத பரிசு. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. பஸ் ஸ்டாப் வரைக்கும் நான் முன்னால் விறுவிறுவென்று நடக்க, அவள் தூக்கை ஆட்டிக்கொண்டு பின்னால் வந்தாள். என்னால் அடக்க முடியவில்லை. "ஏட்டி, காயிட்டன்னு ஒரு வார்த்தை சொன்னா உனக்க நாக்கு அழுகியா போயிரும்?" என்று நடுரோட்டில் நின்று கத்தினேன்.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"உனக்க கை நடுங்கிச்சு. பாத்துட்டுச் சும்மா இரிக்க முடியல்ல, விளிச்சேன். காயத்தான் விளிச்சேன்னு சொன்னா, உன்ன விளிக்கல்லேன்னு ஆகும்லா மக்கா? போறதுக்கு முந்தி அப்படி ஒண்ணு சொல்லிட்டா போகச் சொல்லுக?"

பஸ் வந்தது, ஏறினோம். ஜன்னலோரம் அவளுக்கு விட்டுக் கொடுத்தேன். அன்றைக்கு என்னால் முடிந்த பதில் அதுதான்.

ஜனவரியில் அவள் வீட்டார் பிடித்த வேனில் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு நானும் போனேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனவள், கதவு மூடுவதற்குள் திரும்பி "மக்கா!" என்று ஒரு சத்தம் போட்டாள். அவள் அம்மா கையைத் தூக்கினாள். அண்ணன்கள் கையைத் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். யாரையோ வழியனுப்ப வந்து பக்கத்தில் நின்ற ஒருவர்கூடத் திரும்பிப் பார்த்தார். யாரை விளித்தாள் என்று கேட்டுத் தீர்ப்புச் சொல்ல அங்கே நடுவர் இல்லை.

நான் பயந்தது போலவே ஆயிற்று. ஆனால் அதற்கு யாரையும் குறை சொல்ல மாட்டேன். வாராவாரம் வந்த போன் மாதத்துக்கொன்றானது. அவள் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தபோது எனக்குத் தலைப்பிரசவ நேரம், அசையக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்புறம் குவைத்திலிருந்தே புருஷனோடு அயர்லாந்து போய்விட்டாள். இப்போது கிறிஸ்துமஸுக்கு ஒரு நட்சத்திரப் படம் வாட்ஸப்பில் வரும். நான் பொங்கல் பானைப் படம் ஒன்று அனுப்புவேன். படத்துக்குக் கீழே இங்கிலீஷில் வாழ்த்து இருக்கும். அந்த வார்த்தை இருக்காது. ஒரு தடவை நானே "எப்படி இருக்க மக்கா" என்று எழுதினேன். நல்லா இருக்கேன் என்பதற்குப் பதிலாக ஒரு கட்டைவிரல் வந்தது. பாவம், அவளுக்கு என்ன டூட்டியோ!

தூக்கு இன்னும் என் சமையலறையில் இருக்கிறது. என் மகளும் அவள் அப்பாவும் கேரம் ஆடும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். காய் குழியின் ஓரத்தில் தயங்கி நின்றால், என் வாய் தானாக "சாடு மக்கா" என்று முணுமுணுக்கும். அம்மா யாருட்ட பேசுக என்று மகள் கேட்பாள். காயிட்ட என்பேன். அது பொய் என்று எனக்கு மட்டும் தெரியும்.

கருங்கல் சந்தைக்குப் போனால் நூறு பேர் மக்கா என்று கூப்பிடுகிறார்கள். மீன்காரி கூப்பிடுகிறாள், ஆட்டோக்காரர் கூப்பிடுகிறார். ஒவ்வொரு தடவையும் நான் திரும்பிப் பார்க்கிறேன், ஒருமுறையும் அது அவளில்லை. ஊரே ஊரை விளிக்கிற அந்த வார்த்தையை, இவளத்தான் விளிச்சேன் என்று அத்தனை பேர் முன்னால் ஒத்துக்கொண்டு, அதற்காகக் கையில் வந்த கோப்பையையே விட்டவள் எனக்கு ஒருத்தி இருந்தாள். இன்னும் ஒரே ஒரு தடவை அவள் வாயால் அதைக் கேட்டுவிட்டால் போதும் என்றுதான் இன்றைக்கும் இருக்கிறது.