அசுந்தா போட்ட விண்ணப்பம்

இங்கிலாந்தின் பெட்ஃபோர்டில் பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடக்க உதவும் அசுந்தா, 'நில்' என்று எழுதிய பலகையைத் தூக்கினால் எப்பேர்ப்பட்ட லாரிக்காரனும் கப்சிப்பென்று நின்றுவிடுவான். செங்கல் சூளை வேலைக்கு வந்த டொனாட்டோவைக் கட்டிக்கொண்டு, பத்தொன்பது வயதில் இத்தாலியிலிருந்து வந்தவள். பிரிட்டன் ஐரோப்பியக் கூட்டமைப்பில் சேர்ந்து அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. நாற்பத்தேழு வருஷம் கழித்து இப்போது, நாடு அதைவிட்டு விலகியிருந்தது. இனி இங்கே வாழ வேண்டுமானால் ஜூன் முடிவதற்குள் விண்ணப்பம் போட வேண்டும் என்றார்கள்.

டொனாட்டோவுக்கு அந்தத் தொல்லை இல்லை. அந்தக் காலத்திலேயே ராணிக்கு விசுவாசமாக இருப்பேன் என்று பிரமாணம் எடுத்து, பிரிட்டிஷ்காரராகிவிட்டார். அன்றைக்கு அவளையும் கூப்பிட்டார்தான்.

"ஒரு ஆளுக்குச் சத்தியம் பண்ணிட்டுப் படுற பாடு போதாதாய்யா?" என்று சொல்லிவிட்டாள்.

தேவாலயக் கூடத்தில் காசு வாங்காமல் உதவிய வக்கீல் ரோசலிண்ட், அவளுடைய பாஸ்போர்ட் விவரங்களைக் கணினியில் ஏற்றினாள். ஏற்றிவிட்டு நெற்றியைத் தேய்த்தாள்.

"இப்படி ஒருத்தர் இந்த நாட்டுல இருந்ததுக்குப் பதிவே இல்லைன்னு வருதும்மா."

விஷயம் இதுதான். இத்தாலியில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் ஆனாலும் பாஸ்போர்ட்டில் சாகும்வரை பிறந்த வீட்டுப் பெயர்தான். ஆகவே அதில் அவள் அசுந்தா இயனூட்ஸி. இங்கிலாந்திலோ சம்பளம், வரி எல்லாம் புருஷன் பெயரோடு, அசுந்தா மஸோக்கி. இத்தனை வருஷத்தில் அவளுக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றியதில்லை.

"கல்யாணச் சான்றிதழைக் காட்டுங்க, ரெண்டும் ஒரே ஆள்னு முடிஞ்சிடும்."

"விட்டுட்டுப் போனது நாடு. நான் இருந்த இடத்துலயேதான் இருக்கேன். யாரும்மா விண்ணப்பம் போடணும்?"

ரோசலிண்ட் சிரித்துவிட்டாள். "ஐரோப்பிய ஒப்பந்தத்தை நம்பி வந்தவங்க உரிமை, அது முடிஞ்சா என்ன ஆகும்? பெரிய பெரிய சட்ட நிபுணர்களே இதுக்குத்தான் அடிச்சிக்கிறாங்க. அவங்க முடிக்கிறதுக்குள்ள ஜூன் போயிடும். சான்றிதழைக் கொண்டாங்கம்மா."

அசுந்தா கொடுக்கவில்லை. அறுபத்தாறு வயதில் தான் இன்னாருடைய பெண்டாட்டி என்று நிரூபிப்பதா? டொனாட்டோ ஒரு வாரம் கிண்டலடித்துப் பார்த்தார்.

"உன்னை நாடு கடத்திட்டா எனக்கு யாரு சமைச்சுப் போடுவா?"

"முட்டை வேகவைக்கவாவது கத்துக்கோ, மகாராணியோட ஆளே!"

மறுநாள் அவருடைய கோட்டைத் துவைக்க எடுத்தபோது பையில் ஒரு கடிதம் இருந்தது. ஊரில் இருக்கும் தம்பிக்கு எழுதியது. பழைய வீட்டுக் கூரை இன்னும் ஒழுகுகிறதா, இரண்டு பேர் வந்தால் தங்க முடியுமா என்று கேட்டிருந்தார். அசுந்தா அதைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள்.

"நீ எதுக்குய்யா வரணும்? உன்னைத்தான் யாரும் போகச் சொல்லலையே."

"இந்த ஊரு வீடுங்கள்ல பாதி நான் சுட்ட செங்கல்டி. இருந்துட்டுப் போகட்டும். நீ இல்லாம எனக்கு இங்க என்ன இருக்கு?"

அவள் அலமாரியைத் திறந்து, சான்றிதழைத் தேடி எடுத்தாள்.

ஜூன் இரண்டாம் வாரத்தில் பதில் வந்தது. நிரந்தரமாக வசிக்கலாம் என்று இருந்தது. டொனாட்டோ பட்டப்பகலில் ஒயின் பாட்டிலைத் திறந்து, அவளைக் கட்டிக்கொண்டார். அவளும் அவர் தோளில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னடி, சந்தோஷமா இல்லையா?"

"இருக்குய்யா. ஆனா நேத்து வரைக்கும் நான் இங்க வாழ்ந்துக்கிட்டு இருந்தேன். இன்னிக்குத்தான் வாழ விட்டிருக்காங்க."