அன்னதான அடுப்புச் சாம்பல்

எங்கள் தெருக் கோயிலில் ஆடி மாதம் அன்னதானம் உண்டு. கோயிலை ஒட்டிய கல்யாண மண்டபத்தில்தான் சமைப்பார்கள். சமையல் முடிந்ததும் அடுப்புச் சாம்பலில் ஒரு பிடி எடுத்து, சாமி காலடியில் வைத்து வணங்கி, வீட்டுக்குக் கொண்டுபோவது எங்கள் வழக்கம். நெற்றியில் பூசி, ஒரு சிட்டிகை நாக்கிலும் வைப்போம். அத்தனை பேர் பசியை ஆற்றிய நெருப்பாயிற்றே.

இந்த ஆடியில் என் மகள் ஐந்து மாதக் கர்ப்பிணியாக வந்திருந்தாள். முதல் கரு தங்காமல் போன பயம் எங்களுக்கு. அதனால் அவளுக்கு மட்டும் ஒரு சிட்டிகை கூடுதலாகவே வைத்தேன்.

"ஏதோ ரப்பர் வாட அடிக்குதுப்பா."

"சாமி சாம்பலக் குத்தம் சொல்லாத ஆத்தா. முழுங்கு."

முழுங்கினாள்.

மறுநாள் காலை மண்டபத்துக்கு அண்டா கழுவப் போனேன். அடுப்பை அள்ளும்போது சாம்பலோடு கறுப்புக் கட்டிகள் வந்தன. உருகி இறுகிய பிளாஸ்டிக். சமையல் மாஸ்டரிடம் கேட்டேன்.

"சாரல்ல வெறகு பூராம் நனஞ்சு போச்சுண்ணே. மண்டபத்துக்காரக தோட்டத்துப் பழைய சொட்டுநீர் டியூப்பு, வாழத்தாருக்குக் கட்டுன கவரு எல்லாம் அங்கன மூடை மூடையா எறக்கிவச்சிருக்காக. எண்ணெ ஊத்துன கணக்கா எரியும். கல்யாணத்துக்கெல்லாம் இதுதேன்."

"சாமி சோறுய்யா."

"சோத்துலயா போட்டேன், அடுப்புலதான போட்டேன். ரெண்டு தடவ ரசம் வாங்கிக் குடிச்சீக, அப்பக் கசக்கலையா?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கவரைக் கட்டும் முன் தாருக்குப் பூச்சிமருந்து அடிப்பார்கள். நானே கூலிக்கு அடித்திருக்கிறேன்.

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. மகள் தன் வயிற்றில் கை வைத்தாலே எனக்குப் பதறும். சாமியிடம் கேட்கவும் வாய் வரவில்லை. கொடுத்தது என் கை.

நான்காம் நாள் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது நர்ஸம்மாவிடம் தனியாகச் சொன்னேன்.

"பிள்ளைக்கு நெஞ்சுத் துடிப்பு நல்லாத்தேன் இருக்கு. அதுக்கு மேல நான் என்னன்னு சொல்ல? ஒங்க மககிட்டச் சொன்னீகளா?"

"இல்லம்மா."

"மொதல்ல அவகிட்டச் சொல்லுங்க."

வெளியே பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். "அன்னைக்கி இன்னும் யாரு யாருப்பா சாம்பல் வாங்கிட்டுப் போனாக?" என்றாள்.

அன்று சாயங்காலமே வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். சிலர் திட்டினார்கள். சாமியையே பழிக்கிறாயா என்று ஒருவர் கதவைச் சாத்தினார். ஒரு வீட்டில், கைப்பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த பெண் பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தாள்.

மகளுக்கு இப்போது எட்டாம் மாதம். பிள்ளை நன்றாக அசைகிறது என்கிறாள். சில நாள் வெகு நேரம் அசையாது. அப்போது அவள், அசைவு தெரிகிறதா என்று பார்க்க, சத்தமில்லாமல் இடதுபக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். நான் அந்த அறைக்குள் போகமாட்டேன்.