தோணித்துறைக்குத் திறந்திருந்த வைஃபை

நவரெத்தினம் இறந்து எட்டாம் நாள் செய்யும் எட்டுச் செலவு முடியுமுன்பே, எங்கள் வாசிகசாலையின் வைஃபை கருவியில் அவர் செய்துவைத்ததை எல்லாம் அழித்து, தோணித்துறைக்கு அவர் திறந்துவிட்டிருந்த இணைப்பைப் பூட்டினார்கள். பூட்டியவர் செயலாளர். தலையாட்டியது நிர்வாகக் குழு. நானும் அதில் ஓர் உறுப்பினன், நான் தலையாட்டவில்லை. இப்படியான குறிப்பைத் துக்கத்தோடு தொடங்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். கோபம்தான் முன்னுக்கு வருகிறது.

அவர் இறந்த செய்தி எனக்கு அந்தத் துறையில்தான் கிடைத்தது. இறால் வாங்கப் போயிருந்தேன். கைபேசி வைஃபையைப் பிடித்ததும், மட்டக்களப்பு ஆஸ்பத்திரியிலிருந்து அவருடைய மனைவி அனுப்பிய குரல்பதிவு வந்தது. "அண்ணன், அவர் போயிற்றார்." அவர் திறந்த வழியாலேயே அவருடைய சாவும் வந்தது.

துறையில் இறால் விற்கும் பூமணியை உங்களுக்குத் தெரியும். மகள் குவைத்தில் வீட்டு வேலை. வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும்தான் எசமானி கைபேசியைக் கையில் கொடுப்பாள். துறையில் சிக்னல் ஒழுங்காக எடுக்காது. ஒருநாள் மகளின் குரல் அறுந்துபோக, பூமணி இறால் கூடையைப் போட்டுவிட்டு, சிக்னல் எடுக்கும் மேல் றோட்டுக்கு ஓடினார். ஏறிப் போவதற்குள் அழைப்பு நின்றுவிட்டது. நவரெத்தினம் அதைப் பார்த்தார். அடுத்த நாளே வாசிகசாலைக் கருவியை, துறை இருக்கும் வாவிப் பக்கச் சுவருக்கு மாற்றினார்.

அவர் டோகாவில் வயரிங் வேலை செய்து திரும்பியவர். நானோ எதையும் பழுதாக்கிப் பழகியவன். இருவரும் இருந்து அமைப்புகளைத் திருத்தினோம். உறுப்பினர்களுக்குப் பழைய இணைப்பு கடவுச்சொல்லோடு அப்படியே இருந்தது. துறைக்கு வேறு பெயரில் இன்னொன்றைப் பூட்டில்லாமல் திறந்தார். ஒரு கைபேசி மற்றதை எட்டிப்பார்க்காதபடி பிரித்தார். ஒவ்வொன்றுக்கும் வேகத்தை இறுக்கினார். "கதைக்கட்டும் அண்ணன், படம் ஓடாது" என்றார். அலைவரிசையின் அகலத்தையும் பாதியாக்கினார். வேகம் குறையும், ஆனால் தூரத்தில் தெளிவாக எடுக்கும். நான் வேண்டாம் என்று நின்றேன்.

"உங்களுக்கென்னத்துக்கு வேகம்? ஓடவா போறீங்க?" என்று கேட்டார்.

பிறகு துறையில் நின்று எனக்கு அழைப்பெடுத்து, கேட்கிறதா கேட்கிறதா என்று கத்தினார். பக்கத்தில் இருந்த பூமணி சொன்னது எனக்கும் கேட்டது: "இந்தக் கத்துக் கத்தினா வைஃபை இல்லாமலே குவைத்துக்குக் கேக்கும் தம்பி."

இதைத்தான் அழித்தார்கள். செயலாளர் துறை இணைப்பில் கிரிக்கெட் பார்க்க முயன்றிருக்கிறார், ஓடவில்லை. பழுது என்று நினைத்து, கருவியைப் புதுசு போலாக்கும் பின்துளைக்குள் ஊசியைக் குத்தினார். எல்லாம் போயிற்று. பிறகு குழுவின் தீர்மானத்தோடு முழுவதற்கும் ஒரே கடவுச்சொல், அதுவும் உறுப்பினர்களுக்கு மட்டும்.

கூட்டத்தில் எழுந்து கேட்டேன். "பழுதைத்தானே ஐயா திருத்தினன்" என்றார் செயலாளர். அது பழுதல்ல, வேண்டுமென்று வைத்த வேகம் என்று விளக்கினேன். தலைவர், "மறுகா பாப்பம்" என்று பிறகுக்குத் தள்ளிப்போட்டுக் கூட்டத்தை முடித்தார்.

போன வெள்ளிக்கிழமை பூமணி துறையில் கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி நின்றார். அது கடவுச்சொல் கேட்டது. இருட்டும் வரை நின்றுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். வாசிகசாலைக்குள் நவரெத்தினத்தின் படத்தை மாலை போட்டு மாட்டியிருக்கிறார்கள், அதே கருவிக்கு நேர் கீழே.

மாலை அவர்களிடம் இருக்கட்டும். அவருடைய அமைப்புகள் ஒவ்வொன்றும் என் தலைக்குள் இருக்கின்றன. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.

ஆகவே செயலாளர் கருவியின் நிர்வாகக் கடவுச்சொல்லை என்னிடம் தர வேண்டும். அமைப்புகளை நான் திரும்பப் போடுவேன். குழு, கூட்டம் கூடித் தன் தீர்மானத்தை நீக்க வேண்டும். நவரெத்தினத்தை அறிந்த உறுப்பினர்கள் அந்தக் கூட்டத்துக்கு வந்து கை உயர்த்த வேண்டும். தலைவர் தோணித்துறைக்கு நடந்துபோய், இணைப்புத் திரும்ப வந்துவிட்டது என்று பூமணியிடம் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்கு முன்னர்.